தசை ஏன் தன்னைத் தானே வெட்டிக்கொள்கிறது?

வெள்ளவத்தையில் எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவன் இருக்கிறான். வயது பதினைந்து. பாடசாலை மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தவன், ஒரு வருடத்துக்குள் மாடிப்படி ஏறக் கைபிடியைத் தேட ஆரம்பித்தான். குருதிப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. கூடியிருந்தது. ஈரலில்தான் கோளாறு என்று முடிவாகிவிட்டது. ஆறு மாதம் பொரித்த மீனும் முட்டையும் நிறுத்தப்பட்டன. பையனின் தாயான மாமி கீழ்க்காய்நெல்லி வரை அரைத்துக் கொடுத்துப் பார்த்தார். கடைசியில் வேறொரு மருத்துவர் பையன் தரையிலிருந்து எழும்பும் விதத்தைப் பார்த்துவிட்டு, சி.பி.கே., அதாவது கிரியேட்டின் பொஸ்போகைனேஸ் என்ற நொதியத்தின் அளவு, எடுக்கச் சொன்னார். ஏறத்தாழ இருநூறைத் தாண்டக் கூடாத எண் ஆயிரக்கணக்கில் வந்தது. ஈரல் நன்றாகவே இருந்தது, கசிந்துகொண்டிருந்தது தசை. எஸ்.ஜி.பி.டி. என்ற நொதியம் ஈரலில் மட்டுமன்றித் தசையிலும் உண்டு. அது அந்த ஆறு மாதமும் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு மாமி என்னிடம் கேட்டார்: "தம்பி, கைனேஸ் கூடினால் புற்றுநோய் என்று இணையத்தில் போட்டிருக்கிறார்களே, உண்மையா?"

பெயர் ஒற்றுமையால் வந்த குழப்பம் இது. கலத்துக்குச் சக்தி தரும் ஏ.டி.பி. மூலக்கூற்றிலிருந்து ஒரு பொஸ்பேற்றைக் கழற்றி இன்னொன்றின் மேல் ஒட்டுகிற நொதியம் எதுவானாலும் அதற்குக் கைனேஸ் என்றுதான் பெயர். சி.பி.கே. அதை ஒட்டுவது கிரியேட்டின் என்ற சிறு மூலக்கூற்றின் மேல். திடீரென ஓட வேண்டி வந்தால் தசை எடுத்துச் செலவழிக்கும் கைக்காசு அது. தசைக் கலத்தின் மென்சவ்வு கிழிந்தால் இந்த நொதியம் குருதிக்குள் ஒழுகும். ஆய்வுகூடம் அளப்பது அந்த ஒழுக்கைத்தான். இணையத்தில் மாமி கண்டது புரதக் கைனேஸ்களைப் பற்றி. அவை பொஸ்பேற்றை ஒட்டுவது வேறொரு புரதத்தின் மேல். ஒட்டியவுடன் அந்தப் புரதம் முழித்துக்கொள்ளும், அல்லது உறங்கிவிடும், அல்லது இடம் மாறும். 2002ஆம் ஆண்டு மனித மரபணுத் தொகுதியை அலசி எண்ணியபோது இப்படிப்பட்டவை 518 இருந்தன. அவற்றில் ஒன்று அடங்காமல் ஓடினால் புற்றுநோய் வரலாம் என்பது உண்மைதான். நாட்பட்ட மைலோயிட் குருதிப் புற்றுநோய்க்கு 2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இமாடினிப் மாத்திரை அப்படியொரு கைனேஸின் வாயை அடைப்பதுதான். ஆனால் மாமியின் கையிலிருந்த தாளுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

ஆனாலும் அவருடைய கேள்வி முழுக்கத் தவறு என்று சொல்லிவிட முடியாது. புரதக் கைனேஸ் என்ற சங்கதியே முதலில் அகப்பட்டது தசையில்தான்.

சியாட்டில் நகரில் எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் முயல் தசையில் கிளைக்கோஜனை உடைக்கும் நொதியம் ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். கார்ல் கோரியும் கெர்ட்டி கோரியும் வகுத்த பழைய முறைப்படி தசைச் சாற்றை வடிதாளில் வடித்தால் நொதியம் விழித்த நிலையில் கிடைத்தது. வடிதாளை விட்டுவிட்டு மையநீக்கியில் சுழற்றித் தெளியவைத்தால் உறங்கிய நிலையிலேயே நின்றது. தாளில் என்ன மந்திரம் என்று தேடியபோது, அதில் ஒட்டியிருந்த சொற்ப கல்சியம் என்று தெரியவந்தது. அந்தக் கல்சியம் இன்னொரு நொதியத்தை எழுப்ப, அது ஏ.டி.பி.யின் பொஸ்பேற்றை எடுத்து முதலாவதின் மேல் ஒட்டியது. இது நடந்தது 1955இல். இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது 1992இல். முப்பத்தேழு வருடம். தசையில் மட்டும் நடக்கும் ஒரு சின்ன விசேஷம் என்றே நெடுங்காலம் பலர் எண்ணியிருந்தார்கள்.

புரோட்டியேஸ் என்பது இதற்கு நேர்மாறான குணமுடையது. அது புரதத்தை வெட்டும். புறக்கோட்டைத் தையற்கடையில் நின்று பார்த்தவர்களுக்கு வேறுபாடு எளிதில் பிடிபடும். துணியில் முதலில் சோக்கினால் கோடு போடுவார்கள். பிழைத்தால் தட்டிவிட்டு வேறு கோடு போடலாம். கைனேஸ் போடும் பொஸ்பேற்றும் அப்படித்தான். பொஸ்பற்றேஸ் என்ற இன்னொரு நொதியம் வந்து அதைத் துடைத்துவிடும். கத்தரிக்கோல் துணியில் இறங்கிய பிறகு பேச்சில்லை. வெட்டிய புரதத்தை ஒட்ட கலத்திடம் பசை கிடையாது. புதிதாகத்தான் செய்ய வேண்டும். ஆகவே கலம் தன் கத்தரிக்கோல்களை உறைக்குள் போட்டே வைத்திருக்கிறது.

எங்கள் சமையலறைகளில் இந்தக் கத்தரிக்கோலின் உறவினர் ஒருவர் இருக்கிறார். முற்றிய ஆட்டிறைச்சி என்றால் ஒரு துண்டு பப்பாசிக்காயைப் போட்டுப் பிசறி வைப்பது வழக்கம். பப்பாசிப் பாலில் உள்ள பப்பெய்ன் என்ற புரோட்டியேஸ் இறைச்சியின் நார்களை வெட்டி மெதுமையாக்குகிறது; அடுப்புச் சூடு ஏற ஏற, ஒரு கட்டம் வரை, அது இன்னும் சுறுசுறுப்பாக வேலை செய்யும். நம் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் அதே சாயலில் ஒரு குடும்பம் உண்டு. கல்சியம் வந்தால் விழிக்கும் பப்பெய்ன் மாதிரியான ஒன்று என்பதால் அதற்குக் 'கல்பெய்ன்' என்று பெயர் வைத்தார்கள். மனிதரிடம் இதற்குப் பதினைந்து மரபணுக்கள். வெட்டிய இறைச்சியைச் சில நாள் குளிரில் தொங்கவிட்டால் தானாகவே மெதுமையாவதற்கும் இந்தக் குடும்பமே காரணம்: உயிர் போனபின் கலத்துக்குள் கல்சியம் பெருகுகிறது, கல்பெய்ன் விழித்துக்கொள்கிறது.

கைனேஸையும் கல்பெய்னையும் நான் ஒன்றாகப் பேசுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1960களில் கிரெப்ஸின் குழுவினர் தங்கள் தசைச் சாற்றில், கல்சியம் சேர்ந்தால் கைனேஸை மீளமுடியாதபடி எழுப்பிவிடும் ஒரு புரதத்தைக் கண்டார்கள். 'கைனேஸை எழுப்பும் காரணி' என்று பெயரிட்டு வைத்தார்கள். அது கைனேஸை வெட்டித்தான் எழுப்புகிறது, அதாவது அது ஒரு கல்பெய்ன் என்பது பின்னர் தெளிவானது. 1977இல் ஜப்பானின் கோபே நகரில் யசுடோமி நிஷிசூகாவின் குழுவினர் புரதக் கைனேஸ் 'சி'யைக் கண்டுபிடித்ததும் இதே பாதையில்தான்: கல்சியத்தால் விழிக்கும் ஒரு புரோட்டியேஸ் வெட்டிய பிறகு வேலை செய்யத் தொடங்கிய கைனேஸாகத்தான் அது முதலில் கண்ணில் பட்டது. சோக்குக் கோடும் கத்தரிக்கோலும் ஒரே மேசையில் கிடக்கின்றன. இரண்டையும் வேறு வேறு அத்தியாயங்களில் பிரித்துப் படிப்பிக்கும் நம் பாடப்புத்தக முறை இந்த உறவை மறைத்துவிடுகிறது என்பது என் நெடுநாள் மனத்தாங்கல்.

இனித் தசைக்கே உரிய கத்தரிக்கோலுக்கு வருகிறேன்.

1989இல் டோக்கியோவில் ஹிரோயுகி சொரிமாச்சியும் அவருடைய சகாக்களும், எலும்புத் தசையில் மட்டும் ஏராளமாக எழுதப்படும் ஒரு கல்பெய்னின் செய்தியைக் கண்டார்கள். இன்று அதன் பெயர் கல்பெய்ன் 3. செய்தி, அதாவது அதன் ஆர்.என்.ஏ., சாதாரணக் கல்பெய்ன்களைவிடப் பத்து மடங்கு இருந்தது. ஆனால் புரதத்தைத் தேடினால் அகப்படவில்லை. காரணம் விசித்திரமானது. அது பிறந்த கையோடு தன்னையே வெட்டிக்கொள்கிறது. சோதனைக் குழாயில் பத்து நிமிடத்துக்குள் பாதிக்குமேல் காணாமற்போகிறது. மற்றக் கல்பெய்ன்களை அடக்கி வைக்கும் கல்பஸ்டற்றின் என்ற காவற்புரதத்துக்கு இது அடங்குவதில்லை, அதையே வெட்டிவிடும். கல்சியம் கிடைக்காவிட்டால் சோடியத்தைக் கொண்டும் வேலை தொடங்கும். இப்படிப்பட்ட ஒரு முரட்டுப் பொருளை உடம்பு தன் தசை முழுவதும் ஏன் வைத்திருக்கிறது?

அக்காலத்தில் தசை நலிவு நோய்களைப் பற்றி நிலவிய எண்ணம் எல்லாம் வெட்டு மிகுதி என்ற பக்கமே சாய்ந்திருந்தது. அதற்கு நியாயமும் இருந்தது. டுஷேன் நோயில் டிஸ்ட்ரோபின் என்ற தாங்கு புரதம் இல்லாததால் மென்சவ்வு கிழிந்து, கல்சியம் உள்ளே புகுந்து, சாதாரணக் கல்பெய்ன்கள் கண்டபடி வெட்டுகின்றன. ஒரு மாதம் படுக்கையில் கிடந்தவரின் தொடை மெலிவதும் வெட்டினால்தான். அங்கே வேலை பார்ப்பது கல்பெய்ன் மட்டுமல்ல. அக்ட் என்ற கைனேஸ் சாதாரணமாக ஃபொக்ஸோ என்ற புரதத்தின் மேல் பொஸ்பேற்றை ஒட்டி அதைக் கலக்கருவுக்கு வெளியே நிறுத்தி வைக்கிறது. பட்டினியிலும் படுக்கையிலும் அந்தக் கைனேஸ் தளர்கிறது, ஃபொக்ஸோ உள்ளே போகிறது, 2001இல் கண்டறியப்பட்ட மர்ஃப் 1, அட்ரோஜின் 1 ஆகிய புரதங்கள் பெருகுகின்றன, அவை யுபிக்குவிற்றின் என்ற சிறு புரதத்தால் அடையாளமிட்டு அனுப்பும் தசைப் புரதங்களைப் புரோட்டியசோம் என்ற எந்திரம் அரைத்துத் தள்ளுகிறது. ஆக, வெட்டுவது கெட்டது, தடுத்தால் நோய் தீரும் என்ற முடிவுக்கு வருவது இயல்பே.

அந்த முடிவைக் கவிழ்த்தது இந்துமாக்கடலின் இன்னொரு தீவு. ரீயூனியனில் நம் மொழி பேசியவர்களின் வழித்தோன்றல்கள் ஏராளமாக இருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் இந்தக் கதை அவர்களுடையது அல்ல. தீவின் தெற்கு மலைப்பகுதியில் ஒதுங்கி வாழ்ந்த, ஐரோப்பியக் குடியேற்றக்காரர் வழிவந்த சில குடும்பங்களில், இடுப்பும் தோளும் மெலியும் ஒரு நோய் தலைமுறை தலைமுறையாகத் தென்பட்டது. பிரான்சில் ஷாக் பெக்மன், இசபெல் ரிஷார் குழுவினர் அந்தக் குடும்பங்களைக் கொண்டு மரபணுவைத் தேடி, பதினைந்தாம் நிறமூர்த்தத்தில் போய் நின்றார்கள். 1995இல் வெளிவந்த முடிவு: பழுதானது கல்பெய்ன் 3 மரபணு. ஒதுங்கி வாழ்ந்த சிறு சமூகம் என்பதால் ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒரே விகாரம் இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஆறு வெவ்வேறு விகாரங்கள் கிடைத்தன. 'ரீயூனியன் முரண்' என்று அதற்குப் பெயரே ஏற்பட்டுவிட்டது.

இதைவிடப் பெரிய முரண் ஒன்று இருந்தது. தாங்கு புரதம் அறுவதால் அல்லாமல் ஒரு நொதியம் இல்லாமற்போவதால் தசை நலிவு நோய் வரும் என்று காட்டப்பட்டது அதுவே முதற்தடவை. அதுவும் எந்த நொதியம்? ஒரு கத்தரிக்கோல்! வெட்டு மிகுந்ததால் வந்த நோய் என்று நினைத்த இடத்தில், வெட்டு இல்லாததால் வந்த நோய் நின்றது.

விடையின் ஒரு பகுதி டைட்டினில் இருக்கிறது. மனித உடம்பிலேயே மிகப் பெரிய புரதம் இது. முப்பத்துநான்காயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள், ஒரே கோவையாக. தசையின் சுருங்கும் அலகில் பாதித் தூரம் நீண்டு, சுருள்வில் போல இழுபட்டு மீள்கிறது. கல்பெய்ன் 3 இந்தக் கயிற்றில்தான் தொற்றிக்கொண்டிருக்கிறது, முக்கியமாக இரண்டு இடங்களில். பிடித்துக்கொள்ள டைட்டின் இருக்கும்வரை அது தன்னை வெட்டிக்கொள்ளாமல் அடங்கியிருக்கிறது. அந்த இரண்டில் ஒன்று கயிற்றின் கடைசி நுனிப் பக்கம். அங்கிருந்து அதிக தூரமில்லாமல் டைட்டினின் உடம்பிலேயே கைனேஸ் வடிவமுள்ள ஒரு துண்டும் இருக்கிறது. அது உண்மையில் பொஸ்பேற்று ஒட்டுகிறதா, கைனேஸ் வேடமிட்ட உணர்கருவி மட்டுமா என்ற விவாதம் நெடுநாள் நடந்தது. இப்போது வேடதாரி என்ற பக்கமே கை ஓங்கியிருக்கிறது. பின்லாந்தில் டைட்டினின் இந்த நுனியில் விகாரம் உள்ளவர்களுக்கும் ஒரு தசை நோய் உண்டு. அவர்களுடைய கல்பெய்ன் 3 மரபணு பழுதில்லை. ஆனாலும் தசையில் அந்தப் புரதம் குறைந்துவிடுகிறது. இருக்கை உடைந்தால் ஆளும் நிற்பதில்லை.

தசை இழுபடும்போது கல்பெய்ன் 3 இருக்கை மாறுகிறது. இதன் பொருளை உணரச் சிவனொளிபாதமலைக்குப் போய் வந்தவர்களைக் கேட்டால் போதும். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். ஏறும்போது மூச்சு வாங்கும். தொடை நோவு வருவது இறங்கிய மறுநாள். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. சுருங்கியபடி வேலை செய்வதைவிட இது தசைக்குள் அதிகச் சேதம் செய்யும். மெல்பேர்னில் ரொபின் மர்ஃபியும் சகாக்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், தன்னார்வலர்கள் இப்படி நீளும் விதத்தில் தசைக்கு வேலை கொடுத்தார்கள். பயிற்சி முடிந்த உடனே எடுத்த தசைத் துணுக்கில் கல்பெய்ன் 3 அசையவில்லை. இருபத்துநான்கு மணித்தியாலம் கழித்து எடுத்ததில் அது விழித்திருந்தது. சேதம் செய்தவன் அவன் என்றால் உடனே அகப்பட்டிருக்க வேண்டும். மறுநாள் வருபவன் இடிபாட்டை அகற்ற வருகிறவன். பழையதை வெட்டி எடுத்தால்தான் புதியதைப் பொருத்தலாம். அந்தத் துப்புரவு நின்றுபோனால் தசை தன் குப்பையிலேயே நலிகிறது. இந்தப் படம் எனக்கு ஏற்புடையது. ஆனால் இது பாதிக் கதை.

மறுபாதி தெரியவர ஏன் இவ்வளவு காலம் பிடித்தது என்பதையும் சொல்ல வேண்டும். கண்ணாடித் தட்டில் வளர்க்கும் மனிதத் தசைக் கலங்கள் முதிர்ந்த தசையாவதில்லை. அவற்றில் சுருங்கும் அலகு ஒழுங்காக அடுக்கப்படாததால் கல்பெய்ன் 3 உட்கார இருக்கையும் இல்லை. பிரித்தெடுத்தால் தன்னை வெட்டிக்கொள்கிறது. எலியில் அந்த மரபணுவை நீக்கினால் நோய் வருகிறது, ஆனால் மனிதருக்கு வருவதைப்போலக் கடுமையாக இல்லை. ஜப்பானியர் ஒரு தந்திரம் செய்தார்கள்: கல்பெய்ன் 3 இருக்கும், வெட்டும் திறன் மட்டும் இருக்காது, அப்படியொரு எலி. அந்த எலிக்கும் நோய் வந்தது. ஆனால் புரதமே இல்லாத எலிக்கு வந்ததைவிட இலேசாக. ஆக, இந்தக் கத்தரிக்கோல் வெட்டாமல் சும்மா இருக்கும்போதும் ஏதோ ஒரு வேலை பார்க்கிறது.

அந்த வேலையைத் தேடிப்போன இரினா கிரமரோவாவும் மெலிசா ஸ்பென்சரும் லொஸ் ஏஞ்சலிஸில் ஒரு கைனேஸைச் சென்றடைந்தார்கள். தசை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் அதன் உட்களஞ்சியத்திலிருந்து கல்சியம் வெளிவரும். அந்தக் கல்சியத் துடிப்புகளை எண்ணிக்கொண்டிருக்கும் கணக்கப்பிள்ளை காம்கைனேஸ் 2. துடிப்பு அடிக்கடி வந்தால், இந்தத் தசைக்கு ஓயாத வேலை இருக்கிறது என்று முடிவெடுத்து, களைப்பைத் தாங்கும் மெதுநார்களுக்கான மரபணுக்களையும் இழைமணிகளையும் பெருக்கச் சொல்லிப் பொஸ்பேற்று முத்திரை குத்தும். கல்பெய்ன் 3 இல்லாத எலியில் கல்சியக் களஞ்சியத்தின் கதவுப் புரதங்கள் குறைந்து, வெளிவரும் கல்சியமும் குறைந்திருந்தது. 2012இல் அவர்கள் காட்டியது இதன் தொடர்ச்சி: எலியில் மட்டுமல்ல, நோயாளிகளின் தசைத் துணுக்குகளிலும் காம்கைனேஸ் 2 சோர்ந்திருந்தது. தசை வேலை செய்கிறது. வேலை செய்த செய்தி கலக்கருவுக்குப் போய்ச் சேருவதில்லை. நோயாளிகளிடம் மெதுநார்கள் முதலில் மெலிவதற்கும் இது பொருந்துகிறது. 2020இல் அதே குழுவினர் இந்தக் கைனேஸைத் தட்டியெழுப்பும் ஒரு சிறு மூலக்கூற்றை எலிகளுக்குக் கொடுத்து, மெதுநார்க் குணம் ஓரளவு மீள்வதைக் கண்டார்கள். கத்தரிக்கோல் இல்லாத கடையில் சோக்குக் கோட்டை அழுத்திப் போட்டுப் பார்த்தது போன்ற முயற்சி.

மருந்துத் துறையின் பழக்கத்துக்கு இது புதிது. கைனேஸ்களின் வாயடைக்கும் மருந்துகள் எண்பதுக்கும் மேல் வந்துவிட்டன. அடைப்பது நமக்குக் கைவந்த கலை. இல்லாத ஒன்றைத் திருப்பிக் கொடுப்பது எவ்வளவு சிக்கலென்று இசபெல் ரிஷாரின் குழுவினரே கண்டார்கள். தீங்கற்ற வைரஸில் ஏற்றிக் கல்பெய்ன் 3 மரபணுவை எலிக்குச் செலுத்தியபோது தசை தேறியது, இதயம் கெட்டது. வளர்ந்த இதயத்தில் இந்த நொதியம் வழக்கமாக இருப்பதில்லை. வேண்டாத வீட்டில் நுழைந்த கத்தரிக்கோல் அங்கே வெட்டத் தொடங்கிவிட்டது. 2013இல் அவர்கள், இதயக் கலத்தில் மட்டும் அந்தச் செய்தி அழிந்துபோகும்படி ஓர் ஏற்பாட்டை மரபணுவோடு சேர்த்து அனுப்பிப் பிரச்சினையைத் தீர்த்தார்கள். எலியில் தீர்த்தார்கள் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். மனிதருக்கு ஒப்புதல் பெற்ற மருந்து இந்த நோய்க்கு இன்னும் கிடையாது.

கொழும்பில் இருப்பவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கின்சி வீதியில் மருத்துவபீடத்தின் மனித மரபியல் பிரிவு 1983 முதல் இயங்கி வருகிறது. மரபணு ஆலோசனை என்ற சொல் நம் காதுக்குப் பழகாத காலத்திலேயே தொடங்கிய இடம். இந்த நோய் பெரும்பாலும் பின்னடைவானது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியும் பழுதாக வந்தால்தான் வெளிப்படும். பழுதான ஒரு பிரதியுடன் வாழும் இருவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. மச்சானும் மச்சாளும் கட்டிக்கொள்ளும் நம் வழக்கத்தில், ஒரே பாட்டனாரின் ஒரே பழுது இரு வழியாகவும் இறங்கி வந்து சந்திக்க இடமுண்டு. வட இந்தியாவில் அகர்வால் சமூகத்தினரிடம் இதே மரபணுவில் பரம்பரையாக வரும் விகாரங்கள் கண்டறியப்பட்டிருக்கின்றன. தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்து எடுக்கும் வழக்கம் அங்கும் உண்டு. சொந்தத்தில் கட்டியவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதை நான் எழுதவில்லை. தாய்தகப்பனுக்கு ஓர் அறிகுறியும் இருக்காது. அவர்கள் அறிந்துகொள்ள வழியே இருந்திருக்காது.

பையனின் மரபணு அறிக்கை வர நாளெடுத்தது. வந்தபோது, கல்பெய்ன் 3இன் இரண்டு பிரதியிலும் ஒரே விகாரம். மாமியின் கணவர் அவருடைய சொந்தத் தாய்மாமன் மகன். அறிக்கையைப் படித்துக் காட்டியபோது மாமி நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டது ஒரே ஒரு கேள்வி: பையன் கூட்டாளிகளோடு இந்த முறை மலைக்குப் போக ஆசைப்படுகிறான், விடலாமா?

இதயம் இந்த நோயில் பெரும்பாலும் தப்பிவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இலேசான நடையும் நீச்சலும் நல்லது, கடும் பாரம் வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். நான் மாமிக்குத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குவதைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். இடையிலேயே அவர் விளங்கிக்கொண்டார்.

"அப்படியென்றால் ஏறுவதைவிட இறங்குவதுதான் கூடாது" என்றார். "நல்லதண்ணி அடிவாரம் வரை போய்வரட்டும். நானும் கூடப் போகிறேன்."